பக்கத்து நெரை

பெரகல சந்திக்கு மேலே ஏறும் மலைகளில் விளையும் தேயிலைக் கொழுந்துக்கு நிகரான கொழுந்து உலகத்தில் எங்கும் கிடையாது. சந்தேகப்படுகிறவர்கள் ஒரு கோப்பை குடித்துப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும். அந்த மலைகளில் ஒன்றில்தான் துஷ்யந்தி கொழுந்து எடுக்கிறாள். வயது இருபத்தொன்று. லிங்கத்தின் ஒரே மகள். தாய் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள், தகப்பன் தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் வேலை. உயர்தரம் வரை படித்த பிள்ளை எதற்காகக் கூடையைத் தலையில் மாட்டினாள் என்று கேட்டால், அதைத்தான் சொல்ல வேண்டும்.

படிப்பு முடிந்த கையோடு அவளுக்குப் பண்டாரவளையில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்தது. சேலையை விரித்துக் காட்டினால் வாங்காதவர்களும் வாங்கிக்கொண்டு போவார்கள், அப்படிப் பேசுவாள். போன வருடம் ஒரு மாலை வேலை முடிந்து வந்து, சந்தியில் தோட்டத்து பஸ்ஸுக்காக நின்றாள். பஸ் வரவில்லை. ஆட்டோவில் வந்தான் இந்திரஜித். தோட்டத்துக் கோயில் தலைவரின் மகன். சின்ன வயதிலிருந்து தெரிந்த முகம்.

"ஒங்கப்பா பெக்டரியில விழுந்துட்டாரு, ஏறு ஏறு!" என்று கத்தினான்.

அப்பன் விழுந்தான் என்றால் எந்தப் பிள்ளை யோசித்துக்கொண்டு நிற்கும்? ஏறினாள். ஆட்டோ பெக்டரிப் பாதையை விட்டு டர்பன்டைன் மரக்காட்டுப் பக்கம் திரும்பியது. நிறுத்தச் சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே பின்னால் கையை நீட்டி அவள் கையைப் பிடித்து இழுத்தான். ஓடுகிற ஆட்டோவிலிருந்து குதித்துவிட்டாள். கை முறிந்தது. முறிந்த கையோடு தேயிலைச் செடிகளைப் பிடித்துப் பிடித்து ரோட்டுக்கு இறங்கி, மரக்கறி லொறிக்காரர் ஒருவரின் புண்ணியத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள். பொலிஸுக்கும் அங்கேயே சொல்லிவிட்டாள், பெயரோடு.

அந்தத் துணிச்சலுக்கு மாலை போட்டிருக்க வேண்டும். போட்டது பழி.

"பொழுது சாஞ்ச பொறகு எதுக்கு ஆட்டோவுல ஏறுனா?" என்றது ஒரு லயம், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசை. "ஏறுனவ எதுக்குக் குதிச்சா?" என்றது அடுத்த லயம். அப்பன் விழுந்ததாகச் சொல்லவே இல்லை, அவளாகத்தான் ஏறினாள் என்று இந்திரஜித் சாதித்தான். ஊர் அவனைத்தான் நம்பியது. கோயில் தலைவர் மகன் அல்லவா! துணிக்கடை முதலாளியும், "சனம் ஒரு மாதிரி பேசுது மகள், கொஞ்ச நாளைக்கு வீட்டிலேயே இருங்க" என்றார். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை.

கை கூடியதும் துஷ்யந்தி கூடையை எடுத்துக்கொண்டு காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்துக்குப் போய் நின்றாள். வீட்டுக்குள் உட்கார்ந்து சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்பதைவிட வெயிலில் நிற்பது மேல். உழைக்கப் பிறந்தவர்களின் புத்தி அப்படித்தான் வேலை செய்யும். மாரிசாமி கங்காணி நெரை பிரித்துக் கொடுத்தார். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வரிசைத் தேயிலை, அதுதான் நெரை. இடப்பக்கம் நின்றவள் கூடையோடு நகர்ந்து போனாள். வலப்பக்கத்தவளும் போனாள்.

"அவ பக்கத்து நெரை எனக்கு வேணாங்க."

"எனக்கும்தான். வயசுப்புள்ள இருக்கு எங்க வீட்டுல."

இப்படியாக அவளுக்கு இரண்டு பக்கமும் வெற்று நெரை.

அந்த மாதம்தான் கோயில் தலைவர் லிங்கத்தின் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "வழக்க வாபஸ் வாங்கு லிங்கம். பய வெளையாட்டுக்குச் செஞ்சது. வேணும்னா அவனுக்கே கட்டி வச்சிருவோம். ஒம் புள்ளைய இனிமே வேற எவன் வந்து கட்டப்போறான்?" என்றார்.

லிங்கம் சாது. தலைவர் எழுந்து போன பிறகுதான் அவர் வாய் திறந்தது.

"ஒன்ன ஏமாத்தித்தான் ஏத்துனான்னு சொல்ல ஒரே ஒரு ஆள் கெடைச்சாப் போதும், நான் அசையமாட்டேன். வழக்கோட அடுத்த தவணைக்குள்ள யாரும் வரலேன்னா நான் என்ன செய்யட்டும் மகளே? இதே ஊருலதான நாம இருக்கணும்?"

"ஒருக்கா குதிச்சு வந்துட்டேன்பா. நீங்களே திரும்ப அந்த ஆட்டோவுல ஏத்தி விட்டுறாதீங்க."

லிங்கம் சட்டையை மாட்டிக்கொண்டு பெக்டரிக்குப் போய்விட்டார்.

மலையில் வேறு கூத்து நடந்தது. கொழுந்தை எடுக்காமல் விட்டால் முற்றிப் போகும், தோட்டத்தை நடத்தும் பெரிய துரை கங்காணியைத்தான் கேட்பார். மாரிசாமி பார்த்தார். "மூணு நெரையையும் நீயே எடு புள்ள" என்றுவிட்டார். துஷ்யந்தி எடுத்தாள். கோபம் எல்லாம் விரலுக்கு இறங்கியிருந்தது. எடை போடும் மடுவத்தில் கொழுந்தை நிறுத்தபோது அவள் கூடைதான் முதல். மறுநாளும் முதல். அந்த வாரம் முழுக்க அப்படியே.

இதில் வயிறு எரிந்தது அன்னலட்சுமிக்கு. நிறுவையில் முதல் பெயர் அன்னலட்சுமி என்பது, பொழுது கிழக்கே விடிவது மாதிரி அந்தத் தோட்டத்தில் எழுதாத சட்டம்.

"என்னங்க கங்காணி, தராசு பழுதா?"

"தராசு நல்லாத்தான் இருக்கு. நீங்கல்லாம் வேணாம்னு விட்டுட்டுப் போன கொழுந்துதான் அது."

மறுநாள் விடியலில் அன்னலட்சுமி துஷ்யந்தியின் பக்கத்து நெரையில் வந்து நின்றாள்.

"பாசத்துல வந்தேன்னு நெனச்சிறாத. என் கொழுந்த நீ எடுத்துக்கிட்டு இருக்க."

"எடுங்க அத்தை. ஒங்களுக்காகத்தான் இளசா விட்டு வச்சிருக்கேன்."

அன்னலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. இரண்டு பேரும் எடுத்துக்கொண்டே மேலே ஏறினார்கள். பக்கத்தில் நின்றுகொண்டு எத்தனை நேரம் பேசாமல் இருக்க முடியும், அதுவும் அன்னலட்சுமியால்?

"ஏன் புள்ள, ஓடுற வண்டியிலருந்து குதிச்சியே, பயமா இல்லையா?"

இந்தக் கேள்வியை அதுவரை அவளிடம் யாருமே கேட்கவில்லை. ஏன் ஏறினாய் என்றுதான் கேட்டார்கள்.

"உள்ள இருக்கிறது அதவிடப் பயமா இருந்துச்சு அத்தை."

அன்னலட்சுமி பத்துப் பன்னிரண்டு செடி தாண்டும்வரை எடுத்துக்கொண்டே போனாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் அன்னைக்குச் சந்தியில பேக்கரி வாசல்ல பாண் வாங்கிக்கிட்டு நின்னேன். ஒங்கப்பா விழுந்துட்டாருன்னு அவன் கத்துனது எனக்குக் கேட்டுச்சு" என்றாள்.

துஷ்யந்தியின் கை நின்றது. கண்ணீர் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"அப்பறம் ஏன் அத்தை நீங்களும் 'எதுக்கு ஏறுனா'ன்னு கேட்டீங்க?"

"தலைவர் வீட்டுப் பகை எதுக்குன்னு இருந்துட்டேன். வாயும் சும்மா இருக்கல, எல்லாரோடயும் சேர்ந்து கேட்டுருச்சு."

"எங்கப்பாகிட்ட இத வந்து சொல்லுவீங்களா?"

"ஒங்கப்பாகிட்ட சொல்லி என்னத்துக்கு? சொல்ற எடத்துல சொல்றேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே பொலிஸில் போய் வாக்குமூலம் கொடுத்தாள். விஷயம் லயம் லயமாகப் பரவியது. தலைவர் வீட்டிலிருந்து ஆட்கள் வந்து, இனிமேல் கோயில் பக்கம் வர வேண்டாம் என்று மிரட்டினார்கள். "சாமி என்னா ஒங்க வீட்டு அல்மாரிக்குள்ளயா இருக்கு?" என்று கேட்டு அனுப்பி வைத்தாள்.

தவணை நாளில் முதல் பஸ்ஸில் லிங்கமும் மகளும் அன்னலட்சுமியும் பதுளைக் கோர்ட்டுக்குப் போனார்கள். துஷ்யந்தி கூண்டில் ஏறி, நடந்ததை நடந்தபடி சொன்னாள். நடுவில் ஒரு தடவை தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். பிறகு அன்னலட்சுமி. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி மடக்கப் பார்த்தார்.

"இவ்வளவு நாளாக ஏன் சொல்லவில்லை?"

"பயந்துக்கிட்டுச் சொல்லலிங்க."

"இப்போது பயம் இல்லையா?"

"இருக்குங்க. இருந்தாலும் காதுல கேட்டது கேட்டதுதானேங்க."

நீதிபதி அதை எழுதிக்கொண்டார்.

வெளியே மரத்தடியில் தலைவர் காத்திருந்தார். குரல் இப்போது இறங்கியிருந்தது. "இன்னும் காலம் கடந்துறல லிங்கம். பேசி முடிச்சுக்கலாம். புள்ளைய நாங்க நல்லா வச்சுக்குவோம்."

துஷ்யந்தி அப்பாவைப் பார்த்தாள். லிங்கம் நிமிர்ந்தார். மற்ற தோட்டத்து ஆட்களும் வழக்குக்கு வந்து நிற்கிற இடம், எல்லாருக்கும் கேட்கிற மாதிரித்தான் பேசினார்.

"எம் புள்ளைக்கு மாப்பிள்ளை தேடித் தாங்கன்னு நான் ஒங்ககிட்ட கேக்கவே இல்லையே தலைவரே. அவ குதிச்சதுதான் சரி. அத சொல்றதுக்கு எனக்கு இவ்வளவு நாளாயிருச்சு. நீங்க போங்க."

தலைவர் போனார். வழக்கு இன்னும் முடியவில்லை, தவணை மேல் தவணை போகிறது. தோட்டத்தில் முகத்தைத் திருப்புகிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் வாபஸ் என்ற பேச்சு அந்த வீட்டில் அதற்குப் பிறகு எழவில்லை.

அன்றைக்கு மரத்தடியில் லிங்கம் திரும்பிப் போக பஸ் காசை எடுத்து எண்ணினார். துஷ்யந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பசிக்குதுப்பா. மொதல்ல சாப்பிடுவோம்" என்றாள்.