மூன்றாம் முறை

கல்லூரித் தோழிகள் ஏழு பேர் வாட்ஸ்அப்பில் ஒரு கற்பனை நாட்டை நடத்திவந்தோம். ஆளுக்கொரு மாநிலம், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ஜனாதிபதி. இரண்டு முறை அது நான்தான். மூன்றாம் முறை யாரும் இருக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தில் எழுதியதும் நான்தான். சங்கரன்கோவிலில் எங்கள் தெருச் சங்கத்தின் விதிப் புத்தகத்தைப் பார்த்து எழுதிய வரி அது.

மறுபடியும் தேர்தல் வந்தபோது தோழிகளில் வாசுதேவநல்லூர்க்காரி குரல்பதிவு அனுப்பினாள். "சட்டத்தத் திருத்திட்டு நீயே இரு மக்கா. வெளையாட்டுதான, யாரு கேக்கப் போறா?"

எனக்குச் சுருக்கென்றது. விளையாட்டிலேயே ஒரு வரியைக் காப்பாற்ற முடியாதவள் வேறெங்கே காப்பாற்றப் போகிறேன்? முடியாது என்று எழுதிவிட்டுப் பதவி விலகினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தெருச் சங்கக் கூட்டம். தலைவர், விசைத்தறிப் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி. நாலு முறை இருந்தாயிற்று. நாற்காலியைவிட்டு எழாமலே சொன்னார்: "இந்தத் தடவையும் நானே இருந்துக்கிடுதேன். விதி கிடக்கு, யாரு கேக்கப் போறா?"

எல்லோரும் வழக்கம்போலக் கைதட்டிவிட்டு வடைத் தட்டின் பக்கம் திரும்பினார்கள். நான் முன்னாள் ஜனாதிபதி என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. எழுந்து நின்றேன்.

"நான் கேக்கேன், அண்ணாச்சி."