நட்சத்திரம் கட்டாத வீடு

பள்ளிமுனையில் சாவு விழுந்த வீடு அந்த வருடம் நத்தார் நட்சத்திரம் கட்டாது. பலகாரமும் சுடாது. ஒழுங்கை முழுக்கக் கொக்கிஸ் பொரிக்கும் வாசம் வரும். அந்த வீட்டு அடுப்பில் சோறு மட்டும் வேகும். யேசு பிறந்த நத்தார் காலைப் பூசை முடிந்ததும் அயலவர்கள் தட்டில் பலகாரம் வைத்து, துணியால் மூடிக்கொண்டுபோய், அந்த வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு வருவார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. சிங்கராசாவின் மூத்த மகன் றொகானுக்கும் இது தெரியும். அவனைப் பற்றி எழுதும்போது முதலில் இதைச் சொல்லிவிடுவது நல்லது. தெரியாமல் செய்துவிட்டான் என்று யாரும் அவனுக்காக இரங்கத் தேவையில்லை.

இந்தியாவிலிருந்து வரும் இழுவைப் படகுகள் வலையை அறுத்துப்போன ஒரு வருடத்தில் றொகான் ஜப்பானுக்குப் போனான். மீன்பிடித் தொழிலாளி விசா. வடமேற்குக் கரையில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நிலத்துண்டில் சின்ன ஊர். மாரியில் பனி கூரைவரை ஏறும். காலையில் எழுந்தால் முதலில் சவளெடுத்து வாசல் பனியை அள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தை மூடி வருடக்கணக்காகிவிட்டது. இளசுகள் எல்லாம் தோக்கியோவுக்குப் போய்விட, எழுபது வயதுக்காரர்கள் இன்னும் வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் வேலை செய்தது கிக்குச்சி என்ற கிழவருடைய படகில். அவருக்கும் மனைவிக்கும் பிள்ளை இல்லை. டிசம்பரில் வானம் இடித்தால் கிழவர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிடுவார். இடியோடு ஹதாஹதா என்ற மீன் முட்டையிடக் கரைக்கு வரும். கைநீளம்கூட இராது, செதில் கிடையாது, பெண்மீனின் வயிறு முட்டையால் வெடிக்கிற மாதிரி இருக்கும். சில நாட்கள்தான் வரும். ஊர் முழுக்க அந்த நாட்களில் நித்திரை கொள்ளாது. ஆண்கள் வலையை இழுக்க, பெண்கள் கொட்டிலில் உட்கார்ந்து மீனைத் தரம் பிரிப்பார்கள். மிச்சத்தை உப்பிலும் சோற்றிலும் புளிக்கவைத்து மாரி முழுக்கத் தின்பார்கள்.

"மணம் எப்பிடி?" என்று ஒருமுறை றொகானிடம் கேட்டேன். நானும் சில வருடம் அந்த நாட்டில் திரிந்துவிட்டு வந்தவள் என்பதால் என்னிடம் மட்டும் அவன் இவற்றைச் சொல்லுவான்.

"எங்கட கருவாட்டு மணத்தைவிட மோசம். ஆனா ரெண்டாம் வருசம் நான் கேட்டுத் திண்டனான்."

றொகான் சொல்லும்போது கிக்குச்சியும் பள்ளிமுனைத் தமிழ்தான் கதைக்கிறார்.

"நான் செத்தா இந்தப் படகு உனக்கடா. ஆனா மீன்பிடிச் சங்கம் உன்னை ஏற்கவேணும். சங்கமெண்டா ஊர். ஊர் உன்னை ஒருக்கா முகமூடி போடவிட்டுதெண்டா, பிறகு ஒருத்தரும் வாய் திறக்கமாட்டினம்."

முகமூடி என்றது நமஹாகேயை. வருடக் கடைசி நாளில் பொழுது சாயும்போது ஊர் ஆண்கள் கொம்பு வைத்த பேய்முகமும் வைக்கோல் உடுப்பும் போட்டு, மரக்கத்தியோடு வீடு வீடாகப் போவார்கள். கதவை அடித்து, தரையை உதைத்து, "அழுகிற பிள்ளை இருக்கா? சோம்பேறி மருமகள் இருக்காளா?" என்று கத்துவார்கள். வீட்டுக்காரர் விழுந்து கும்பிட்டு, சாராயம் ஊற்றி, "எங்கட வீட்டில எல்லாரும் நல்லவை" என்று சமாதானம் சொல்லுவார். பேய் மலையிலிருந்து வரும் தெய்வம் என்று நம்பிக்கை. அதன் உடுப்பிலிருந்து உதிரும் வைக்கோலைத் தலையில் கட்டினால் நோய் அண்டாதாம்.

அந்த உடுப்பை ஒருமுறை போட்டால் படகு. றொகான் மூன்று மாரியாகக் காத்திருந்தான். நான்காம் மாரியில், மீன் தரம் பிரிக்கும் கொட்டிலில் வைத்து, "இந்த முறை நீ" என்றார் கிக்குச்சி.

அதற்கடுத்த நாள், டிசம்பர் முதலாந் திகதி, பள்ளிமுனைக் கடலில் வலை இழுத்துக்கொண்டிருந்த சிங்கராசா நெஞ்சைப் பிடித்தபடி படகின் முன்பக்க அணியத்தில் சரிந்தார். படகில் கூட இருந்த இளைய மகன் ஜெனோஜன் கரைக்குக் கொண்டுவந்தபோது உடம்பு ஆறியிருந்தது.

தாய் அருள்நாயகி ஜப்பானுக்குப் போன் எடுத்தாள். "அப்பாவைப் பெட்டியில வைச்சிருக்கிறம் ராசா. நீ வருவாயெண்டா ரெண்டு மூண்டு நாள் வைக்கலாம் எண்டு பாதர் சொல்றார். வந்திடுவியே?"

"லீவு தாறாங்கள் இல்லை அம்மா. மீன் சீசன். காலைப் பிடிச்சுக் கேட்டுப் பார்த்திட்டன்."

அவன் யாருடைய காலையும் பிடிக்கவில்லை. அந்த நேரம் கிக்குச்சி பக்கத்து அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அந்த ஊரிலும் ஒரு முறை இருந்தது: வருடத்துக்குள் சாவு விழுந்த வீட்டுக்கு நமஹாகே போகாது, அந்த வீட்டு ஆண் முகமூடியும் போட முடியாது.

பிறகு அந்த ஊர்க் கோவிலில் முகமூடி போடுகிறவர்களின் கூட்டம் நடந்தது. பெரியவர் ஒவ்வொருவரையும் பார்த்துக் கேட்டார். "வீட்டில சாவு இருக்கா?" இது ஒரு சடங்குக் கேள்வி, யாருடைய வீட்டில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் முன்னமே தெரியும். எல்லோரும் இல்லை என்றார்கள். றொகானும் இல்லை என்றான்.

"பொய்யெண்டு நினைக்கேல்லை" என்றான் என்னிடம். "பெட்டி கிடந்த வீட்டுக்குத்தானே நட்சத்திரம் கட்டிறேல்லை. அப்பப்பா செத்த வருசம், கலியாணம் முடிச்சுப் பேசாலைக்குப் போன பெரியப்பா தன்ர வீட்டில கட்டினவர்தானே. பெட்டி கிடந்தது பள்ளிமுனையில. நான் இருந்தது கிக்குச்சி வீட்டில."

மனிதன் தனக்கு வேண்டியதை இப்படித்தான் கணக்குப் பார்க்கிறான்.

கடைசி நாள் வந்தது. றொகான் கிக்குச்சி வீட்டில் உடுப்பு மாற்றினான். கைத்தொலைபேசியைச் சப்பாத்துத் தட்டில் வைத்துவிட்டு முகமூடியை ஏற்றினான். முதல் வீடு அதுதான். கதவை அடித்து உள்ளே பாய்ந்து, பழகிய கிழவரை அதட்டினான். கிழவர் பயந்தவர்போல நடித்து, தலைகுனிந்து சாராயம் ஊற்றினார். கிக்குச்சியின் மனைவி மாரி தொடங்கியதிலிருந்து மூச்சுக்குக் கஷ்டப்படுபவள். அவள் சிரித்துச் சிரித்து இருமி, அவனுடைய உடுப்பிலிருந்து விழுந்த வைக்கோலைப் பொறுக்கித் தலையைச் சுற்றிக் கட்டினாள். அவன் அடுத்த வீட்டுக்குப் போனான்.

இலங்கையில் அப்போது மத்தியானம் திரும்பியிருந்தது. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சனம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மகன் இல்லாத துக்கம் தாங்காமல் அருள்நாயகி வீடியோவில் எடுத்தாள். சப்பாத்துத் தட்டில் கிடந்த போனில் அந்த முகத்தைக் கண்டதும் கிக்குச்சியின் கிழவிக்குச் சந்தோசம். றொகான் வீட்டோடு கதைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் கையசைத்துப் பழகிய முகம். பச்சையை அழுத்தினாள்.

கறுப்புச் சேலை. அழுது வீங்கிய கண். அருள்நாயகி இரு கையும் கூப்பி, "பாருங்கோ அம்மா, பாருங்கோ" என்று போனைத் திருப்பினாள். மாலை போட்ட படம். அதன் முன்னால் மெழுகுதிரிகள். படத்தில் இருந்தவரைக் கிழவிக்குத் தெரியும். அவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் கையசைத்தவர்தான்.

மொழி தேவைப்படவில்லை. கிழவி போனைத் தரையில் வைத்து, அதற்கு முன்னால் நெற்றி நிலத்தில் முட்ட வணங்கினாள்.

இதைத்தான் அருள்நாயகி பிறகு ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தாள். "என்ர மனுசனுக்கு ஜப்பான்காரி நிலத்தில விழுந்து கும்பிட்டவ. முதலாளி பொல்லாதவன், ஆனா மனுசி தங்கம்."

றொகான் முகமூடியைக் கையில் பிடித்துக்கொண்டு, சாராய முகத்தோடு சிரித்தபடி திரும்பி வந்தபோது, கிழவியின் தலையில் வைக்கோல் இல்லை. அடுப்புக் கதவு திறந்திருந்தது. உள்ளே அது எரிந்துகொண்டிருந்தது.

"எப்ப?" என்றார் கிக்குச்சி.

"முதலாந் திகதி."

"ஏன் சொல்லேல்லை?"

"சாவு அங்கதானே ஐயா. நான் இஞ்ச. இடையில எவ்வளவு கடல்."

"கடலுக்கு அங்கால செத்தா உன்ர அப்பன் இல்லையோ?"

அடுத்த நாள் புதுவருடம். கிழவர் தனியாக, பனிக்குள், றொகான் பேயாய்ப் போன வீடுகளுக்கெல்லாம் போய் வாசலில் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டார். தானும் வரட்டுமா என்று றொகான் கேட்டதற்கு, "நீ துக்க வீட்டுக்காரன், வெளியில போகாத" என்றார். ஊரில் ஒருவரும் அவனை ஏசவில்லை. வணக்கம் சொன்னார்கள், புளித்த மீன் கொடுத்தார்கள். சங்கத்தில் அவனுடைய பெயரை மட்டும் யாரும் எடுக்கவில்லை. பனி உருகியபோது விசாவும் முடிந்தது. கிழவர் புகையிரத நிலையம்வரை கொண்டுவந்து விட்டு, வண்டி மறையும்வரை குனிந்து நின்றார். "ஒருக்கா அடிச்சிருக்கலாம்" என்றான் றொகான். "அடிச்சிருந்தா நான் இருந்திருப்பன்."

பள்ளிமுனைக்கு வந்தவனைத் தாய் தலையில் தூக்கி வைத்தாள். தகப்பனுக்கு மண் போடக்கூட விடாத முதலாளியிடம் நாலு மாரி கிடந்து வந்த பிள்ளை. அவனுக்குத்தான் மீனின் நடுத்துண்டு. தகப்பனின் படகையும் அவனிடம் கொடுக்கச் சொல்லி ஜெனோஜனிடம் சண்டை பிடித்தாள். றொகான் சாப்பிட்டான். படகையும் எடுத்தான்.

ஆண்டுப் பூசைக்கு முந்திய நாள். முற்றத்தில் கிடாரம் ஏற்றி, பெண்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். மீன் ஏலம் கூறுகிற சீவரத்தினம் கதிரையில் இருந்து நாட்டாண்மை பண்ணிக்கொண்டிருந்தார். அருள்நாயகியின் போனுக்கு ஒரு வீடியோ வந்தது.

"ஜப்பான் முதலாளியடி! சத்தத்தைக் கூட்டு, என்ன சொல்றானெண்டு கேப்பம்" என்றார் சீவரத்தினம்.

கிக்குச்சி கறுப்பு உடுப்பில் மண்டியிட்டிருந்தார். அவர் கதைக்கக் கதைக்க, ஏதோ செயலி ஒரு பெண்குரலில் தமிழாக்கிச் சொன்னது.

"உங்கள் துக்க வருடம் முடிகிறது. நான் மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் கணவர் இறந்ததை உங்கள் மகன் எங்களிடம் சொல்லவில்லை. தெரிந்திருந்தால் அன்றே விமானத்தில் அனுப்பியிருப்பேன். துக்கத்தில் அணிந்த முகமூடியை அவர் அடுத்த வருடம் அணிந்திருக்கலாம். படகு காத்திருந்திருக்கும். கவனிக்காதது என் குற்றம்."

கிழவர் நெற்றியை நிலத்தில் வைத்தார். வீடியோ முடிந்து, தானாகத் திரும்பவும் தொடங்கியது. யாரும் நிறுத்தவில்லை.

"டேய் ஜப்பான்" என்றார் சீவரத்தினம் கடைசியில். "கொப்பரைப் புதைச்ச மண் காயமுந்தி நீ என்ன முகமூடியடா போட்டனீ?"

"பேய்" என்றான் ஜெனோஜன். அவனுக்கு முன்னமே தெரிந்திருந்தது. யாரோ அங்கிருந்து அனுப்பிய படம் அவனிடம் இருந்தது. அதை எடுத்து எல்லோருக்கும் காட்டினான். கொம்பு, வைக்கோல், கையில் சாராயக் கிண்ணம். உரித்துக்கொண்டிருந்த ஒருத்தி சிரித்துவிட்டாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

அருள்நாயகி சிரிக்கவில்லை, ஏசவுமில்லை. "ரெண்டு நாள் பெட்டியை மூடாமல் வைச்சிருந்தனான்" என்றாள். வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பூசை நடந்தது. சவக்காலையில் எல்லோருக்கும் மெழுகுதிரி கொடுத்தவள் றொகானைத் தாண்டிப் போனாள்.

நத்தாருக்கு ஒழுங்கை முழுக்க நட்சத்திரம் ஏறியது. ஜெனோஜனும் ஒன்று வாங்கிக்கொண்டு வந்து ஏணியை வைத்தான். றொகான் கிணற்றடியில் வலை கழுவிக்கொண்டிருந்தான்.

"வேண்டாம், இறக்கு" என்றாள் தாய்.

"ஏனம்மா? அப்பாட வருசம் முடிஞ்சுதே."

"அப்பாட முடிஞ்சுது. கொண்ணன்ர இப்பதானே துவங்கியிருக்கு."

கிணற்றடிக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்னாள். கேட்டது. ஜெனோஜன் ஏணியை மடக்கினான். அந்த வீட்டில் நேற்றுவரை பலகாரமும் சுடவில்லை.

இன்று காலை பூசை முடிந்ததும், நட்சத்திரம் இல்லாத வாசலைக் கண்டு அயலவர்கள் முறைப்படி தட்டுகளை மூடிக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டுத் தட்டைக் கொண்டுபோனவள் நான். அருள்நாயகி கறுப்புச் சேலையோடு உள்ளே கட்டிலில் இருந்தாள், எழும்பி வரவில்லை. சாவு வீட்டுப் பலகாரத்தை வீட்டாளொருவர் வாங்கத்தான் வேண்டும். றொகான் வந்து வாங்கினான்.