நான் அடித்துவிட்ட வரி

இங்கிலாந்தில், லீட்ஸில் எங்கள் பகுதி கிளினிக்குக்குப் போன் செய்தால், எடுப்பவர் விவரத்தைச் சம்மரைஸ் பண்ணச் சொல்வார். வந்த புதிதில் மகளுக்குச் சளி பிடித்தபோது, தென்காசி டாக்டரிடம் சொல்வதுபோல அவள் முந்தாநாள் தின்ற முறுக்கிலிருந்து ஆரம்பித்தேன். ஊரில் நாம் சொல்லச் சொல்ல, டாக்டரே வேண்டியதைப் பொறுக்கிக்கொள்வார். இங்கே எடுத்த பெண் சிரிப்பை அடக்குவது எனக்குக் கேட்டது. பள்ளியில் சுருக்கி எழுதுவதில் முழு மதிப்பெண் வாங்கியவள் நான். அன்றிலிருந்து எதையும் முதலில் தாளில் எழுதி, வேண்டாததை அடித்து, மிச்சத்தை வாசிப்பேன்.

இந்த முறை ஊருக்குப் போய்த் திரும்பிய மூன்றாம் நாள் மகளுக்குக் காய்ச்சல். மறுநாள் கிளினிக்குக்குப் போன் செய்து, வயது ஐந்து, நேற்றிலிருந்து காய்ச்சலும் தலைவலியும், இரண்டு முறை வாந்தி என்று வாசித்தேன். நர்ஸ் 'பர்ஃபெக்ட்' என்று சொல்லி, மருந்தின் பெயரைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார். அந்த ஒரு சொல்லில் எனக்குச் சந்தோஷம் வந்தது. இப்போது நினைத்தால் கூசுகிறது.

சாயங்காலம் அவள் கழுத்தை வளைக்க முடியாமல் அழுதாள். வெளிச்சம் வேண்டாம் என்றாள். மேஜையில் கிடந்த தாளில் நான் அடித்துவிட்ட வரி கண்ணில் பட்டது: குற்றாலத்தில் குளித்தாள்.

சீசன் முடிந்து அருவி நூலாக விழுந்துகொண்டிருந்த நாள் அது. பக்கத்துத் தோப்பில் தேங்கிக் கிடந்த குட்டையில் என் மகளையும் அக்காவின் பிள்ளைகள் இருவரையும் இறக்கிவிட்டோம். தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. மகள் தலைகுப்புற விழுந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நான் பதறியதைப் பார்த்து அக்கா சிரித்தாள்.

"மூக்குல தண்ணி ஏறிட்டு, அம்புட்டுதான்ட்டி. சீமைக்குப் போனதுல இருந்து நீ குளத்தக் கண்டாலே நடுங்குற."

அந்த வரியை நீளத்துக்காக மட்டும் நான் அடிக்கவில்லை. எங்கள் ஊர்த் தண்ணீரை இவர்கள் அழுக்கு என்று நினைத்துவிடக் கூடாது என்றும் அடித்தேன்.

பெரிய மருத்துவமனையில் டாக்டரிடம் எதையும் விடாமல் சொன்னேன். குட்டைக்கு வந்ததும் அவர் எழுதுவதை நிறுத்தினார். தண்ணீர் மூக்கில் போனதா என்று இரண்டு முறை கேட்டார். வெதுவெதுப்பாகத் தேங்கிய தண்ணீரில் இருக்கும் ஓர் அமீபா மூக்கு வழியாக மூளைக்கு ஏறிவிடும் என்றார். வேறு யார் குளித்தார்கள் என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வேகமாக உள்ளே போனார்.

வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது தென்காசியிலிருந்து அக்கா கூப்பிட்டாள்.

"ஏட்டி, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுட்டா? சுருக்கச் சொல்லு, அடுப்புல பால் இருக்கு."

அவளுக்குப் பின்னால் அவளுடைய பிள்ளைகள் இருவரும் சண்டை போட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் என் மகளைச் சுற்றி ஆட்கள் கூடிக்கொண்டிருந்தார்கள். நான் அக்காவிடம் பாலை இறக்கிவைத்துவிட்டு உட்காரச் சொன்னேன்.