ஞாயிற்றுக்கிழமை வரை என்.ஆர்.ஐ.

வியாழன், காலை ஆறு மணி. மஸ்கட் விமானம் ஷம்சாபாத் விமான நிலையத்தில் இறங்கியது. அங்கிருந்து ஹப்சிகுடாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர். டாக்சிக்கு ஆயிரத்து நூறு ரூபாய். "துபாயா சாப்?" என்றார் டிரைவர். மஸ்கட் என்றேன். "ஹவ் ஹவ், ஆமா, எல்லாம் ஒண்ணுதான்" என்று வளைகுடா முழுவதையும் ஒரே நாடாக்கிவிட்டார்.

நான் வந்தது ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க. 'பையன் என்.ஆர்.ஐ.' என்று பெண் வீட்டாரிடம் அம்மா சொல்லி வைத்திருந்தாள். அந்த மூன்றெழுத்தை எம்.பி.பி.எஸ். என்பதுபோல உச்சரிப்பாள்.

வெள்ளி, பத்து மணி. வரிக் கணக்கு கேட்க சனத்நகர் ஆடிட்டரிடம் கிளம்பினேன். அழைக்காமலே அப்பாவும் அம்மாவும் கூட வந்தார்கள். அமீர்பேட்டில் மெட்ரோ மாறி எர்ரகட்டாவில் இறங்கினோம், அப்புறம் ஆட்டோ. ஆடிட்டர் அந்த ஊரிலேயே ஊறிப்போன தமிழர். என் பாஸ்போர்ட்டைப் புரட்டினார்.

"போன வருஷம் பாதிக்கு மேல இங்கதான் இருந்திருக்கீங்க. வரிக்கு நீங்க ரெசிடென்ட், என்.ஆர்.ஐ. இல்ல."

"சம்பளம் மஸ்கட்லதான சார் விழுந்துச்சு?"

"லேப்டாப்ப எங்க வச்சு வேலை பாத்தீங்க?"

"எங்க வீட்டுச் சாப்பாட்டு மேஜைல."

"அப்ப அந்த மாசங்களுக்கு இங்க வரி. டென்ஷன் நக்கோ, வேண்டாம், கட்டிட்டா முடிஞ்சுது."

எவ்வளவு வரும் என்று போனில் கணக்குப் போட ஆரம்பித்தேன். அம்மாவுக்குக் கவலையே வேறு. "சார், ஞாயித்துக்கெழம வரைக்குமாவது இவன என்.ஆர்.ஐ.யா வச்சிருங்களேன்!"

"சட்டத்துல அதுக்கு எடமில்லம்மா."

அப்பா கேட்டார்: "அப்ப இவன் இங்கதான் இருந்தான்னு கவர்மெண்டே சொல்லுதா?" திரும்பும்போது ரயிலிலும் இதையே இரண்டு முறை கேட்டார்.

ஞாயிறு, மாலை நான்கு மணி. நாச்சாரத்திலிருந்து பெண் வீட்டார் பெண்ணோடு எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். பெண் தேன்மொழி, மென்பொருள் நிறுவனத்தில் வேலை. அவள் அப்பா கேசரித் தட்டைக் கையில் வாங்கியபடியே, "தம்பி என்.ஆர்.ஐ.தானே?" என்றார்.

அம்மா வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "இல்ல. எனக்கு நெஞ்சு ஆபரேஷன்னதும் ஓடி வந்தான். பாதி வருஷத்துக்கு மேல கூடவே இருந்தாம்லா! ரெசிடென்ட்னு கவர்மெண்டே சொல்லிட்டு."

கேசரித் தட்டு அப்படியே மேஜைக்குத் திரும்பியது. "போன் பண்றோம்" என்று எழுந்தார்கள். தேன்மொழி மட்டும் வாசலில் என் அப்பாவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அன்றிலிருந்து அம்மா அப்பாவோடு பேசவில்லை. காப்பி வேண்டும் என்பதைக்கூட அவர் என் மூலம்தான் சொல்லியனுப்பினார்.

புதன், காலை. மறுபடி ஷம்சாபாத். மஸ்கட்டில் சம்பளத்துக்கே வரி கிடையாது. இங்கே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்ததற்கு வரி. ஆனாலும் அந்த மேஜையை விட்டுக் கிளம்பத்தான் எனக்கு மனசு வரவில்லை.

விமானத்துக்குக் காத்திருந்தபோது தேன்மொழியிடமிருந்து வாட்ஸ்அப். "அப்பாவுக்கு என்.ஆர்.ஐ. மாப்பிள்ளைதான் வேணுமாம். எனக்கு என்.ஆர்.ஐ. வேண்டாம். அடுத்த வருஷமும் ரெசிடென்ட்டா இருக்க முடியுமா?"

நான் முதலில் ஆடிட்டருக்குத்தான் போன் போட்டு அதையே கேட்டேன்.

"தாராளமா இருங்க. சட்டத்துல அதுக்கு நெறைய எடமிருக்கு" என்றார்.