முழங்கை மறைத்த சட்டை

பதுளையில் சாரிச் சட்டை தைக்கும் ஜெமீலாவுக்கு, யாருக்கு எது எடுப்பாக இருக்கும் என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும். மகளின் பட்டமளிப்பு விழாவுக்காக மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த இராக்கம்மா, "கைய குட்டையா வைங்கம்மா" என்றுதான் சொன்னாள். ஆனால் தேயிலைக் கிளைகள் கீறிய தழும்புகள் தெரியாதிருக்க, ஜெமீலா முழங்கைக்குக் கீழே இறக்கித் தைத்துக் கொடுத்தாள்.

விழா முடிந்து, அங்கே எடுத்த படத்தோடு இராக்கம்மா வந்தாள்.

"டீச்சரம்மா மாதிரி இருக்கேன்னு லயத்து சனமே சிரிக்குதும்மா."

"அப்புறம் ஏன் மொகம் வாடியிருக்கு?"

இராக்கம்மா கையைத் திருப்பிக் காட்டினாள். முழங்கைக்குச் சற்று மேலே, தழும்புகளுக்கு நடுவே, இறந்துபோன கணவனின் பெயர் பச்சை குத்தியிருந்தது.

"படத்துல அவரும் நிக்கட்டும்னுதான் குட்டையா கேட்டேன்."

அளவெடுத்த அன்று ஜெமீலா அந்தப் பெயரின் மேல்தான் நாடாவைச் சுற்றியிருந்தாள். குட்டைக் கை எதற்கென்று ஒரு வார்த்தை கேட்கத்தான் அவளுக்குத் தோன்றவில்லை.