ரெஜினாவைக் கொன்றது கரண்ட் அல்ல

கம்பெனி பஸ் சுங்குவார்சத்திரத்தைத் தாண்டும்போது சாமுவேலிடமிருந்து போன் வந்தது. ரெஜினாவின் தம்பி. "அக்கா, அவ போயிட்டாக்கா" என்றான். பஸ்ஸில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. எங்கே போய்விட்டாள் என்று கேட்டேன். அவன் அழுதபோதுதான் எனக்குப் புரிந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். இறங்கி என்ன செய்வதென்று தெரியாமல் ரோட்டோரம் அரை மணி நேரம் அங்கும் இங்கும் நடந்தேன்.

அன்று நான் செய்தி சொன்ன ஒவ்வொருவரும் என்னிடம் முதலில் கேட்டது ஒன்றுதான்: "கரண்ட் அடிச்சிடுச்சா?" நம் பழைய டெஸ்டிங் பிரிவில் இருந்த நீங்களும் கேட்டீர்கள். பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளைப் பெட்டிகளைத் திறந்து பழுது பார்ப்பவள் செத்துப்போனால் வேறு எதை நினைக்கத் தோன்றும்? ஆனால் அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. அவளைக் கொண்டுபோனது காய்ச்சல். முதல் இரண்டு நாள் மாத்திரை போட்டுக்கொண்டு தன் ரிப்பேர் கடைக்கு வந்திருக்கிறாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஐந்தாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. இதைத் தெளிவாகச் சொல்லத்தான் ஃபேஸ்புக்கில் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத வேறொன்றையும் சொல்லாமல் முடியாது என்று தெரிகிறது.

ஒரகடத்தில் பவர் சப்ளைப் பெட்டிகள் தயாரிக்கும் அந்தக் கம்பெனியில் நானும் அவளும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். நான் சிவகங்கைப் பக்கத்திலிருந்து பெட்டியோடு வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தவள். அவள் வடக்குப்பட்டுக்காரி, சைக்கிளில் வருவாள். அவளை உட்கார வைக்க யாராலும் முடியாது. ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டு ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்ப்பாள். கால் ஆடும், விரல் மேசையைத் தட்டும், வாய் சும்மா இருக்காது. சாப்பாட்டு மணி அடித்தால் முதல் ஆளாக ஓடுவாள், பாதி சாப்பாட்டில் எழுந்தும்விடுவாள்.

அப்படிப்பட்டவள் ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்பட்டதே இல்லை. பவர் சப்ளையின் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் முந்நூறு வோல்ட் வரை தேங்கி நிற்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அதை ஒரு ரெசிஸ்டர் வழியாக வடிய விட்டு, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். "நேரமாச்சுன்னு நம்பாத, மீட்டரப் பாரு. அது பூஜ்யம்னு சொன்னா நம்பு" என்பாள். சொன்ன பிறகும், கரண்ட் நெஞ்சு வழியாகப் பாயாதிருக்க ஒரு கையை மேல்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் மற்ற கையால் தொடுவாள்.

மூன்றாவது வருடம் ஒரு மாதக் கடைசியில் ஆர்டர் நெருக்கியது. சோதனையில் தேறாத பெட்டிகள் திருத்துவதற்காக ரீவொர்க் மேசைக்குப் போகும்முன் வோல்ட்டை வடிய விட நமக்குப் பத்து செகண்ட் கொடுத்திருந்தார்கள். அந்தப் பத்து செகண்டை விட்டுவிடச் சொன்னார் சூப்பர்வைசர். வாயால்தான் சொன்னார், எழுத்தில் எதுவும் இல்லை. நாம் எல்லோரும் விட்டுவிட்டோம். ரெஜினா விடவில்லை. அவள் முன்னால் பெட்டிகள் குவிந்துகொண்டே போயின. மறுநாள் காலை பத்து மணிக்கு ரீவொர்க் மேசையில் இருந்த முத்துமாரிக்கு ஷாக் அடித்தது. தூக்கி எறியப்பட்டதில் இரும்பு ரேக்கில் தலை மோதி நெற்றி பிளந்தது. சிவப்புப் பட்டனை அடித்து லைனை நிறுத்தியது ரெஜினாதான்.

விசாரணையில் ஒரு தாள் வந்தது. "எல்லோரும் வோல்ட்டை வடிய விட்ட பிறகே பெட்டியை அனுப்பினோம், முத்துமாரிதான் மீட்டர் பார்க்காமல் கை வைத்தாள்" என்று அதில் இருந்தது. எனக்கு அடுத்த மாதம் வேலை நிரந்தரமாக வேண்டும். கையெழுத்துப் போட்டேன். உங்களில் சிலரும் போட்டீர்கள். ரெஜினா அந்தத் தாளைப் படித்துவிட்டு, "நீயே அனுப்பச் சொல்லிட்டு, இப்ப அவ மேல போடுறியா? இன்னா சார் இது?" என்று சூப்பர்வைசரிடம் எல்லோர் முன்னாலும் கேட்டாள். அவளைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். ஒரே மாதத்தில் அவளே நின்றுவிட்டாள். முத்துமாரி அதற்கு முன்பே ஊருக்குப் போய்விட்டாள்.

ஸ்ரீபெரும்புதூரில் கோயிலுக்குப் போகும் தெருவில் ரெஜினா கடை வைத்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, எட்டு மாதம் கழித்துப் போனேன். என்னைப் பார்த்து அவள் வியக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. "வந்துட்டியா வசந்தி? இந்த போர்டப் புடி" என்றாள். பிடித்தேன். பழுது பார்த்த பெட்டியை அவள் நேராகக் கரண்டில் சொருக மாட்டாள். ஒரு நூறு வாட் குண்டு பல்பு வழியாகத்தான் முதலில் கொடுப்பாள். பல்பு மினுக்கி அடங்கினால் சரி. முழுசாக எரிந்தால் உள்ளே எங்கோ ஷார்ட், திரும்பப் பிரிக்க வேண்டும். அன்று மூன்று முறை முழுசாக எரிந்தது. மூன்று முறையும் கடை வாசலுக்கும் மேசைக்கும் நடந்து தீர்த்தாள். நான்காம் முறை அடங்கியது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போய்வந்தேன். ஒருநாள் பொறுக்க முடியாமல், "அந்தக் கையெழுத்துக்கு மன்னிச்சுக்கடி" என்றேன்.

ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள். "முத்துமாரி கைல சொன்னியா?"

"இல்ல."

"அப்பறம் எங்கைல இன்னாத்துக்கு சொல்லிகினு கீற? மண்டை உடைஞ்சது எனக்கா?"

அதோடு அந்தப் பேச்சை அவள் மறுபடி எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

அவள் ஊர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆறு கம்ப்யூட்டர்கள். பெட்டியைத் தொட்டால் கை சுள்ளென்கிறது என்று பிள்ளைகள் சொன்னார்கள். சப்ளை கெட்டுவிட்டது, ஆறையும் சரிசெய்து கொடு என்று ஹெட்மாஸ்டர் கூப்பிட்டார். நானும் உடன் போனேன். அவள் பெட்டிகளைத் திறக்கவே இல்லை. சுவரில் இருந்த பிளக் பாயிண்டைச் சோதித்தாள். கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்க வேண்டிய எர்த் ஓட்டையின் பின்னால் வயரே இல்லை.

"சார், பெட்டில ஒண்ணும் இல்ல. கோளாறு உங்க செவுத்துலதான் கீது."

"இப்போதைக்கு ரப்பர் விரிப்பு போட்டுக்கலாமேம்மா. லீவுல எர்த் பாத்துக்கலாம்."

"லீவு வரிக்கும் புள்ளைங்க தொடாதா சார்?"

ஆறு பவர் கேபிளையும் உருவிப் பையில் போட்டுக்கொண்டாள். எர்த் கம்பி இறக்கிய அன்று கொண்டுவந்து தருகிறேன் என்றாள். அவருக்குக் கோபம். "நீ யாரும்மா என் ஸ்கூல் சாமானை எடுத்துப்போக?" என்று வாசல் வரை வந்து கத்தினார். அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். நான்காம் நாள் எலக்ட்ரீஷியன் வந்து பள்ளம் தோண்டினார். அவர் முடிக்கும்வரை ரெஜினா வெயிலில் அந்தப் பள்ளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் கேபிள்களை மாட்டினாள்.

அடக்கம் முடிந்த மறு ஞாயிறு, கடையைக் காலி செய்ய சாமுவேல் என்னைக் கூப்பிட்டான். ஒவ்வொரு பெட்டியின் மேலும் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. யாருடையது, என்ன பழுது, உள்ளே வோல்ட் வடிந்ததா இல்லையா. காய்ச்சலோடு வந்த அந்த இரண்டு நாளும் அவள் எழுதிய சீட்டுகளில்கூட அந்தக் கடைசி வரி விடுபடவில்லை. இனிமேலாவது யாரும் என்னிடம் கரண்டா என்று கேட்காதீர்கள்.

முத்துமாரி, நீ இதைப் படிக்கிறாயா என்று தெரியாது. பழைய நம்பர்கள் எதுவும் போகவில்லை. உன் ஊருக்கு வந்து நேரில் சொல்லப் போகிறேன். அதுவரை எல்லோரும் பார்க்க இங்கே எழுதிவைக்கிறேன். நீ எந்த விதியையும் மீறவில்லை; வடிய விட்டு, மீட்டர் பார்த்து அனுப்ப வேண்டியது எங்கள் வேலை. வோல்ட் வடியாத பெட்டியை உன் மேசைக்கு அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி. அந்தத் தாளில் இருந்தது பொய்.

சரியாகியிருந்த பெட்டிகளை உரியவர்களிடம் கொடுத்துவிட்டேன். பாதியில் நின்றவற்றை நானே முடித்தேன். ஒன்று மட்டும் மிச்சம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவருடையது. அவர் புதிது வாங்கிவிட்டார், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அதன் மேல் இருக்கும் சீட்டில் இப்படி எழுதியிருக்கிறது: "ஓடுது, பத்து நிமிசத்துல நிக்குது. ரெண்டு தடவ பிரிச்சிட்டேன், புடிபடல. வோல்ட் வடிஞ்சிது. வசந்தியக் கேக்கணும்."

ரெஜினாவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் பெட்டியும் அந்தச் சீட்டும். மூன்று ஞாயிறாகப் பிரித்துப் பார்க்கிறேன். இன்னும் பிடிபடவில்லை.