மார்லிஸ் மாட்டிய அட்டைகள்

மார்லிஸ் குபியாக்குக்கு ஐம்பத்திரண்டு வயது. ஹார்மன் நகரில் நாற்பத்தொன்றாம் எண் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறார். ஜூன் நடுவில் பள்ளியை மூடினால் ஆகஸ்ட் கடைசியில்தான் மறுபடி சாவியைத் தொடவேண்டும். பேஸ்பால் சூடுபிடிப்பதும் அதே மாதங்களில்தான். இதற்காகத்தான் அந்த வேலைக்குப் போனாயா என்று யாராவது கேட்டால், "பின்னே, பசங்க போடற கூச்சலக் கேக்கவா போனேன்?" என்பார்.

எங்கள் அணியின் பெயர் ஃபெர்ரிமென். மைதானம் ஏரிக்கரையில். இடது மேல்தட்டில் பதினான்காம் பகுதி, முதல் வரிசை எங்களுடையது. முழங்காலுக்கு முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு. அந்தக் கம்பி மார்லிஸின் கம்பி. டிக்கெட்டில் அப்படி எதுவும் போட்டிருக்காது. ஆனால் தெரியாதவர்கள் யாராவது அதில் சட்டையைத் தொங்கவிட்டால், வேர்க்கடலை விற்கிற ஆள்கூட, "எடுத்துருங்க, அது மார்லிஸ் இடம்" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வார்.

பதினான்கு வருடங்களுக்கு முன்னால் எல்லிஸ் டார்னெல் எங்கள் அணிக்குப் பந்தெறியும் பிட்சராக வந்தார். அப்போது அவருக்கு இருபத்துநான்கு வயது. மார்லிஸ் பேருந்து வேலையில் சேர்ந்து அதுதான் முதல் கோடை. பேருந்து ஷெட்டில் கிழிந்த சீட்டுகளிலிருந்து உரித்துப் போட்டிருந்த பச்சை ரெக்சினைக் கேட்டு வாங்கி வந்து, தடித்த அட்டைகளின் இரண்டு பக்கமும் ஒட்டி, வெள்ளைப் பெயின்ட்டில் ஆங்கில எழுத்து கே-யை வரைந்தார். பிட்சர் ஓர் ஆளை மூன்று ஸ்ட்ரைக்கில், அதாவது அடிக்கத் தவறிய மூன்று பந்தில், வெளியேற்றினால் கம்பியில் ஒரு கே ஏறும். எல்லா மைதானத்திலும் உள்ள வழக்கம்தான். மட்டையை வீசிக் கோட்டைவிட்டவனுக்கு நேர் கே. மட்டையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு, பந்து போவதை வாய்பார்த்து நின்று அவுட்டானவனுக்கு, கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிய கே. அதனால் அட்டையின் ஒரு பக்கம் நேர், மறுபக்கம் திருப்பியது. ஆளை அப்படி நிறுத்திவைப்பதில் டார்னெல் கெட்டிக்காரர். முழங்கால் உயரத்தில் வெளி ஓரத்தை உரசிக்கொண்டு போகும் அவருடைய வேகப்பந்தைப் பார்த்து, நல்ல நல்ல மட்டைக்காரர்கள் எல்லாம் தபால்பெட்டி மாதிரி நின்றிருக்கிறார்கள்.

மார்லிஸின் கணவர் வேறொரு பெண்ணோடு வேறு மாநிலத்துக்குப் போன வருடமும் கம்பியில் அட்டை ஏறியது. டயர் தொழிற்சாலை மூடி, அண்ணன் வந்து அவர் வீட்டுச் சோபாவில் எட்டு மாதம் படுத்திருந்த வருடமும் ஏறியது. ஒரே ஒரு நாள்தான் மார்லிஸ் வரவில்லை. அம்மாவை அடக்கம் செய்த நாள். அன்று ராடெல் பிக்கன்ஸ் அட்டை மாட்டினார். ஒன்பதில் ஒன்றைப் பக்கம் மாற்றி மாட்டிவிட்டார் என்று மார்லிஸ் இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார்.

ராடெல் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர். அவருக்கு அடுத்த இருக்கையில் கஸ் டெடெஸ்கோ, பிளம்பர். அதற்கடுத்து நான். முந்நூறு பேர் வாழும் சோளக்காட்டு ஊரிலிருந்து வந்தவன். எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள், அதுவும் புள்ளியியலில். நான்கு வருடமாக அவர்களோடு உட்காருகிறேன். என்னை "காலேஜ்" என்றுதான் கூப்பிடுவார்கள். என் பெயர் கஸ்ஸுக்குத் தெரியுமா என்பதே சந்தேகம். எனக்கு அதில் வருத்தமில்லை.

போன வருடம் ஜூலையில் எங்கள் அணி கடைசி இடத்தில் கிடந்தது. டார்னெலுக்கு முப்பத்தேழு ஆகிவிட்டது. அணிகள் ஆள் மாற்றிக்கொள்ள முப்பத்தொன்றாம் தேதி மாலை ஆறு மணிவரை கெடு. மேற்குக் கடற்கரையில் முதலிடத்தில் இருந்த அணி ஒன்று டார்னெலைக் கேட்டது. பதிலுக்கு இருபது வயது இடதுகைப் பிட்சர் ஒருவனையும் இன்னொரு பையனையும் தருவதாகப் பேச்சு. பத்து வருடம் ஆடி, கடைசி ஐந்தை ஒரே அணியில் கழித்தவரை அவர் சம்மதம் இல்லாமல் எங்கும் அனுப்ப முடியாது. டார்னெல் நிருபர்களிடம் சொன்னது இவ்வளவுதான்: "ஞாயித்துக்கெழம இங்க எறியறேன். இந்த ஊரு என்ன நெனைக்குதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

அந்தச் செவ்வாய்க்கிழமை ஆட்டத்தை எங்கள் வரிசையில் யாரும் பார்க்கவில்லை.

"அனுப்பிடணும்" என்றார் ராடெல், சூரியகாந்தி விதைத் தோலைக் காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டே. "இப்ப விட்டா அடுத்த வருஷம் அவருக்கு ஒரு வாளி பழைய பந்துகூட எவனும் தரமாட்டான்."

"யோவ், அவரு என்ன உங்க சலவைக்கூடத்து மெஷினா? ஓடறப்பவே தள்ளிவிடறதுக்கு?" என்றார் கஸ்.

"ஓடறப்ப தள்ளிவிடாததாலதான் உன் தேஞ்சுபோன முழங்கால் ரெண்டும் உங்கிட்டயே கெடக்கு."

"காலேஜ், நீ சொல்லு. கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்திருப்பியே."

போட்டுத்தான் பார்த்திருந்தேன். கைப்பேசியை நீட்டினேன். "வேகம் மூணு மைல் கொறைஞ்சிருக்கு. ஒரே ஆட்டத்துல மூணாவது தடவ அவர எதிர்கொள்றப்ப எல்லாரும் வெளுக்கறாங்க. அனுப்பறதுதான் லாபம்."

மார்லிஸ் ஹாட் டாக்கை மடியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"லாபமா? நீ இங்க என்ன கடை வெச்சிருக்க?"

"கணக்கச் சொன்னேன்..."

"நாம கடைசி எடத்துல கெடந்தப்ப எல்லாம் கூடக் கெடந்தவன். பெரிய ஊருக்காரங்க கூப்பிட்டப்ப ரெண்டு தடவ மாட்டேன்னு இங்கயே கையெழுத்துப் போட்டவன். அவன நாம தள்ளிவிடறதா?"

ராடெல் நிதானமாகக் கேட்டார்: "ஒரு தடவகூடக் கோப்பை ஆட்டத்துல எறிஞ்சதில்லயே மார்லிஸ். அங்க போனா எறியலாம்."

"இங்க எறியட்டும்."

"எப்ப? அவரு பேரன் பொறந்தப்புறமா?"

கஸ் சிரித்தார். மார்லிஸ் சிரிக்கவில்லை. மறுநாள் காலை உள்ளூர் வானொலியின் விளையாட்டு நிகழ்ச்சிக்குப் போன் செய்து, "நான் அட்டை மாட்டற மார்லிஸ்" என்று ஆரம்பித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கம்பி முழுக்கப் 'போகாதே எல்லிஸ்' என்று ஆளுயர எழுத்துத் தொங்கும், எல்லாரும் அதே வாசகத்தோடு வாருங்கள் என்று ஊருக்கே சொல்லிவிட்டார். அன்று மதியத்துக்குள் கஸ் வேலையை விட்டுவிட்டு அச்சகத்தில் போய் நின்றார்.

சனிக்கிழமை எழுத்து வெட்ட உதவிக்கு நான் மார்லிஸ் வீட்டுக்குப் போனேன். கார் நிறுத்தும் கொட்டகையில் பலகை போட்டு வைத்திருந்தார். எழுத்தை மாட்டும் கொக்கிகளின் இடைவெளி பார்க்க, பழைய கே அட்டைகளை எடுத்துப் பலகையில் பரப்பினார். பாதியைப் பரப்பியவர் நிறுத்திவிட்டார். ஒன்றைப் புரட்டினார். இன்னொன்றைப் புரட்டினார்.

"காலேஜ், இங்க வா."

ஒவ்வொரு ஏப்ரலிலும் எல்லா அட்டைக்கும் இரண்டு பக்கமும் புது வெள்ளை அடிப்பது அவர் வழக்கம். ஏரிக்காற்று அடங்கவே அடங்காது. அட்டை ஆடி ஆடி, கம்பிப் பக்கம் இருக்கும் எழுத்து உரசித் தேயும். நேராக மாட்டினால் திருப்பிய கே தேயும், திருப்பி மாட்டினால் நேர் கே தேயும். மற்ற வருடங்களில் ஜூலை முடிவதற்குள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி சொரசொரத்துப் போயிருக்கும். இப்போது திருப்பிய கே பக்கத்தில் பெயின்ட் உதிர்ந்து பச்சை ரெக்சின் தெரிந்தது. நேர் கே பக்கம் ஏப்ரலில் அடித்த வெள்ளை அப்படியே மினுங்கியது.

"இந்த வருஷம் எத்தன தடவ திருப்பினேன்?"

தேடிப் பார்த்துச் சொன்னேன். "இங்க நடந்த ஆட்டத்துல மூணு. போன வருஷம் இதே நாளுக்குள்ள பத்தொம்பது."

"நாந்தான மாட்டறேன். எனக்கே தோணலியே."

"நான் செவ்வாக்கெழமயே..."

"நீ செவ்வாக்கெழம பேசினப்ப உன்னத் தூக்கிக் கீழ்த்தட்டுல போடணும்போல இருந்துச்சு. சும்மா இரு."

கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்தார். "யாரும் அவனப் பாத்து நிக்கறதில்ல இப்ப. அடிச்சுப் பாக்கலாம்னு வீசறானுங்க" என்றார். "அந்தத் தோள்ல ஒரு வருஷம் இருக்குமா?"

"இருக்கலாம். ரெண்டு வருஷம்னா சந்தேகம்தான்."

"அந்த ஒண்ணையும் இங்க கடைசி எடத்துல போட்டுத் தீக்கச் சொல்லி நான் பெரிசா எழுதி மாட்ட இருந்தேன்."

கத்தரிக்கோலை எடுத்து மேசை இழுப்பறையில் போட்டார். "கஸ்கிட்ட யாரு சொல்றது?"

"வானொலில பேசினது நீங்கதான்."

"தெரியும்டா."

சொன்னாரா என்றால், சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கஸ் நேரே மைதானத்துக்கு வந்தார். பின்னால் ஐந்தாறு வரிசை முழுக்க அவர் அச்சடித்துக் கொடுத்த 'போகாதே' தாள்கள். கம்பி வெறுமையாக இருந்தது.

"எழுத்து எங்க?"

"வெட்டல, கஸ்."

"வெட்டலயா? அப்ப வானொலில கத்தினது யாரு, உங்க வீட்டுப் பூனையா?"

"நாந்தான். தப்பாச் சொல்லிட்டேன். நீங்க தாளப் பிடிச்சுக்கங்க, நான் வேணாங்கல. இந்தக் கம்பில கே மட்டும்தான்."

கஸ் என்னையும் ராடெலையும் பார்த்தார். "இவங்க ரெண்டு பேரும் ஓதினாங்களா?"

"என் புத்திதான்."

"பதிமூணு வருஷம் அவன் பேரச் சொல்லி இங்க ராணி மாதிரி உக்காந்துட்டு, இன்னிக்கு வித்துட்ட" என்று சொல்லிவிட்டு, கஸ் மூன்று வரிசை மேலே போய் உட்கார்ந்துகொண்டார். வேர்க்கடலைத் தோல் ஒன்றிரண்டு எங்கள்மேல் விழுந்தது. யார் போட்டார்கள் என்று மார்லிஸ் திரும்பிப் பார்க்கவில்லை.

டார்னெல் மோசமாக எறியவில்லை. ஆறாவது இன்னிங்ஸ் வரும்போது கம்பியில் நான்கு அட்டை. நான்கும் நேர். இரண்டு பேர் அவுட், மூன்றாவது ஆளுக்கு இரண்டு ஸ்ட்ரைக். ஆட்டம் இரண்டுக்கு ஒன்று, முன்னிலை எங்கள் பக்கம். மைதானமே எழுந்து நின்றது. பந்து வெளி ஓரம் பார்த்துப் போனது. மட்டை பாதி வந்து நின்றது. பின்னால் இருந்த நடுவருக்குச் சந்தேகம். பக்கவாட்டிலிருந்து பார்க்கும் முதல் தளத்து நடுவரைக் கேட்டார். அவர் கையை மடக்கி உயர்த்தினார். வீசிவிட்டான், அவுட்.

சத்தத்தில் இருக்கை அதிர்ந்தது. மார்லிஸ் ஐந்தாவது அட்டையை எடுத்தார். "திருப்பி மாட்டு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பிறகு எல்லாரும். கஸ் மூன்று வரிசை இறங்கி வந்தார்.

"மட்ட வரவே இல்ல. நின்னுட்டான். திருப்பி மாட்டு."

"அம்பயர் கைய மடக்கினத நீ பாக்கலயா?"

"அவன் கெடக்கான். எல்லிஸ் இப்ப மேல பாப்பான், மார்லிஸ். எழுத்துதான் இல்லன்னுட்ட. இது ஒண்ணாவது அவனுக்குச் செய்."

உள்ளதைச் சொல்லவேண்டும்: நானும் "திருப்புங்க" என்றுதான் சொன்னேன். எண்கள் எல்லாம் என் சட்டைப்பையில் இருந்தன. இருந்தும் சொன்னேன். மார்லிஸின் கை கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு கணம் நின்றது. அட்டையின் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். பிறகு நேராக மாட்டினார்.

சொந்த ஊர்க்காரர்களே ஊளையிட்டதை அந்தக் கம்பி அன்றுதான் கேட்டது. கீழே டார்னெல் வழக்கம்போல இன்னிங்ஸ் முடிந்து நடந்துகொண்டே மேலே பார்த்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார் என்று ராடெல் சொல்கிறார். எனக்கு அப்படித் தெரியவில்லை.

மறுநாள், கெடு முடிய மூன்று மணி நேரம் இருக்கும்போது டார்னெல் சம்மதித்துவிட்டார் என்று செய்தி வந்தது. ரசிகர்களின் தாள்களைப் பார்த்தீர்களா என்று ஒரு நிருபர் கேட்டார்.

"பாத்தேன். சந்தோஷமா இருந்துச்சு. அந்தக் கம்பியையும் பாத்தேன். அஞ்சும் நேரா இருந்துச்சு."

நிருபருக்கு அது விளங்கவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். மார்லிஸ் சமையலறையில் நின்று கேட்டிருக்கிறார். வானொலியை அணைத்துவிட்டுப் போய்ப் புல் வெட்டினார். முன்பக்கம் முழுக்க, பிறகு பக்கத்து வீட்டுக்காரருடையதும்.

ஆகஸ்டில் வந்த இடதுகைப் பையனுக்கு மார்லிஸ் அட்டை மாட்டவில்லை. "மொதல்ல அவன் யாருன்னு பாப்போம்" என்றார். கஸ் இருக்கை மாறியே உட்கார்ந்தார். எங்களிடம் பேசும்போது மார்லிஸை "உங்க மேனேஜரம்மா" என்றார். வானொலியில் நான்கைந்து பேர் மார்லிஸின் பெயரைச் சொல்லியே திட்டினார்கள். பள்ளி திறந்ததும் பேருந்தில் ஆறாம் வகுப்புப் பையன்கள் ஏன் அட்டையைத் திருப்பவில்லை என்றே கேட்டார்கள். "உக்காரு, பெல்ட்டப் போடு" என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த பதில்.

அக்டோபரில் மேற்குக் கடற்கரை அணி கோப்பை ஆட்டத்துக்குத் தகுதி பெற்றது. சனிக்கிழமை மதிய ஆட்டத்தில் டார்னெல் எறிவதாக அறிவித்தார்கள். அன்று காலை மார்லிஸின் போன் அடித்தது.

"என் வீட்டு டிவி பெரிசு" என்றார் கஸ். ஹலோகூட இல்லை. "குடமிளகாயும் சாசேஜும் பண்றேன். அந்தச் சனியன் அட்டைங்களையும் எடுத்துட்டு வா."

கம்பிக்குப் பதில் ஜன்னல் திரைச்சீலைக் கம்பி. இரண்டாவது இன்னிங்ஸில் ஒருவன் மூன்றாவது ஸ்ட்ரைக்கில் வெளியேறினான். கஸ் குதித்தெழுந்து அட்டையைத் திருப்பி மாட்டினார். மார்லிஸ் மறு ஒளிபரப்பைப் பார்த்தார். எழுந்து போய் அட்டையை நேராக்கினார்.

"என் வீட்டுலயுமா?"

"மட்ட வந்துச்சு. கண்ணாடியத் தொடச்சுட்டுப் பாரு."

நான்காவது இன்னிங்ஸில் வெளி ஓரம், முழங்கால் உயரம். மட்டைக்காரன் தோளில் மட்டையோடு நின்றான். நடுவர் கையை உயர்த்தியபிறகும் நின்றான். எல்லாரும் மார்லிஸைப் பார்த்தோம். அவர் மறு ஒளிபரப்பு முடியும்வரை காத்திருந்தார். பிறகு ஓர் அட்டையை எடுத்துக் கஸ்ஸிடம் நீட்டினார்.

"இந்தா. எந்தப் பக்கம்னு உனக்கே தெரியும்."